'கொஞ்சம் ஜிபே பண்ணுங்க ப்ளீஸ்': உதவி கேட்டு வரும் மெசேஜ் உண்மையா, மோசடியா? 5 நிமிடத்தில் செக் செய்வது எப்படி?

இரவு பத்து மணி. ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போஸ்டர் வந்து விழுகிறது. மூக்கில் டியூப் மாட்டிய ஒரு குழந்தையின் படம், மருத்துவமனை லெட்டர்ஹெட், 'இன்னும் 24 மணி நேரம்தான்' என்று சிவப்பு எழுத்து, கீழே ஒரு ஜிபே நம்பர். ஃபார்வர்டு செய்தவர் உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். அடுத்த இரண்டு நிமிடத்தில் குரூப்பில் நாலு பேர் ஸ்க்ரீன்ஷாட் போடுகிறார்கள்: 'டன்', '500 அனுப்பிட்டேன் மச்சி'.

இந்த இடத்தில் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். யோசிக்காமல் அனுப்பிவிடுகிறோம். அல்லது 'இதெல்லாம் ஃப்ராடுப்பா' என்று ஸ்க்ரோல் செய்துவிடுகிறோம். இரண்டிலுமே சிக்கல் இருக்கிறது. முதல் வழியில் பணம் மோசடிக்காரருக்குப் போகலாம். இரண்டாவது வழியில், நிஜமாகவே ஐசியு வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத்துக்குப் போக வேண்டிய பணம் போகாமல் நின்றுவிடலாம்.

நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதற்குத் தேவை ஐந்து நிமிடமும் சரியான சில கேள்விகளும்தான்.

கதையைப் பார்க்காதீர்கள், கணக்கைப் பாருங்கள்

உதவி கேட்கும் மெசேஜைப் பார்த்ததும் நம் மனசு கேட்கும் முதல் கேள்வி, 'இந்தக் கதை உண்மையா?' என்பதுதான். ஆனால் பல மோசடிகளில் கதை நூறு சதவீதம் உண்மையாகவே இருக்கும். குழந்தை உண்மை, நோய் உண்மை, மருத்துவமனை பில்லும் உண்மை. ஒரு குடும்பம் ஃபேஸ்புக்கில் போட்ட போஸ்டரை அப்படியே எடுத்து, கீழே இருக்கும் போன் நம்பரையும் க்யூஆர் கோடையும் மட்டும் மாற்றிவிட்டால் போதும், வேலை முடிந்தது. நீங்கள் கூகுளில் தேடினாலும் 'ஆமாம், இப்படி ஒரு குழந்தை இருக்கிறது' என்றே வரும். உங்கள் சந்தேகம் தீர்ந்துவிடும். பணம் மட்டும் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: 'இந்தப் பணம் கடைசியில் யாருடைய கணக்கில் போய் விழப்போகிறது?'

2020-ல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கொரோனா ஊரடங்கு தொடங்கிய சில நாட்களில், மார்ச் 28 அன்று பிஎம் கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்டது. அதற்கான யுபிஐ ஐடியும் வெளியானது. உடனேயே அதே மாதிரி போலி ஐடிகள் முளைத்தன. அவற்றில் ஒன்றில் 'கேர்ஸ்' என்பதன் கடைசி 'எஸ்' எழுத்து மட்டும் இல்லை. மற்றதெல்லாம் அச்சு அசல். டெல்லி போலீஸ் எச்சரித்து, வங்கி அந்த ஐடியை முடக்க வேண்டியிருந்தது. நிதி உண்மை, அறிவிப்பும் உண்மை, ஒரே ஒரு எழுத்துதான் பொய்.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை பகுதிகளில் நிலச்சரிவு ஏற்பட்டபோது கேரள முதல்வரின் பேரிடர் நிவாரண நிதிக்குப் பணம் குவிந்தது. அப்போது வெளியிட்ட க்யூஆர் கோடு தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்பதால், அதையே திரும்பப் பெறுவதாகக் கேரள அரசு அறிவித்தது. ஒரு படத்துக்குள் இருக்கும் க்யூஆர் கோடை மாற்றி ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? மொபைலில் போட்டோ எடிட் செய்யத் தெரிந்த யாருக்கும் ஒரு நிமிடம் போதும்.

கோயில் பெயரிலும் இதே கதைதான். 2024 ஜனவரியில் அயோத்தி ராமர் கோயில் திறப்புக்கு முன்பு, கோயில் பெயரைச் சொல்லி போலி க்யூஆர் கோடு மூலம் சிலர் பணம் வசூலிப்பதாக விஷ்வ ஹிந்து பரிஷத் அமைப்பே எச்சரிக்கை வெளியிட்டது. எங்கே மக்கள் கவனமும் உணர்ச்சியும் குவிகிறதோ, அங்கே மோசடியும் வந்து நிற்கும்.

பின் போடும் முன் திரையில் ஒரு பெயர் வரும்

யுபிஐ-யில் பணம் அனுப்பும்போது, பின் நம்பர் போடுவதற்கு முன்பு பெறுபவரின் பெயர் திரையில் வரும். பெரும்பாலானோர் அதைப் படிப்பதே இல்லை. வங்கிக் கணக்கில் பதிவாகியிருக்கும் பெயரைத்தான் செயலிகள் காட்ட வேண்டும் என்று என்பிசிஐ உத்தரவிட்டு, 2025 ஜூன் 30 வரை கெடு கொடுத்தது. அதாவது, ஒருவர் தன் ப்ரொஃபைலில் 'சேவ் சில்ட்ரன் ஃபண்ட்' என்று என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். பணம் அனுப்பும் திரையில் வங்கியில் இருக்கும் நிஜப் பெயர் வர வேண்டும்.

அந்தப் பெயரை இப்படிப் படியுங்கள்:

• டிரஸ்ட்டுக்குப் பணம் அனுப்புகிறீர்கள் என்றால், டிரஸ்ட்டின் பெயர்தான் வர வேண்டும். தனிநபர் பெயர் வந்தால் நிறுத்துங்கள்.

• நோயாளிக்கு அனுப்புகிறீர்கள் என்றால், நோயாளி, அப்பா, அம்மா, கணவன், மனைவி என யாராவது ஒருவர் பெயர் வர வேண்டும். சம்பந்தமே இல்லாத பெயர் வந்தால், 'இவர் யார்?' என்று கேளுங்கள். 'அவங்க அக்கவுண்ட் ஃப்ரீஸ் ஆயிடுச்சு, இது ஃப்ரெண்ட் அக்கவுண்ட்' என்ற பதில் வந்தால் கூடுதல் கவனம் தேவை.

• அரசு நிவாரண நிதி என்றால், போஸ்டரில் இருக்கும் க்யூஆர் கோடைத் தொடவே வேண்டாம். அந்த அரசின் இணையதளத்துக்கு நீங்களே போய் அங்கிருந்து அனுப்புங்கள். முகவரி 'டாட் கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். தமிழக முதல்வரின் பொது நிவாரண நிதிக்கும் தனி அரசு இணையதளம் இருக்கிறது.

இன்னொரு விஷயம். யுபிஐ பின் என்பது பணம் அனுப்பும்போது போடுவது. பணம் பெறுவதற்குப் பின் தேவையே இல்லை. 'நீங்க தப்பா ரெண்டு தடவை அனுப்பிட்டீங்க, ரீஃபண்ட் பண்றோம், பின் போடுங்க' என்று யாராவது சொன்னால் அது நன்கொடைக்கு மேல் நடக்கும் இரண்டாவது திருட்டு.

பெயர் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. கமிஷனுக்காகத் தங்கள் வங்கிக் கணக்கை மோசடிக்காரர்களுக்கு வாடகைக்கு விடுபவர்கள் இருக்கிறார்கள். இதைத்தான் 'மியூல் அக்கவுண்ட்' என்கிறார்கள். அதனால் பெயர் என்பது முதல் வடிகட்டி மட்டுமே.

மருத்துவ உதவியா? பில் கவுண்டருக்கே அனுப்புங்கள்

நோயாளிக்கு உதவ விரும்பினால் இருப்பதிலேயே பாதுகாப்பான வழி, பணத்தை மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டுவது. உள்நோயாளியாக இருக்கும் ஒவ்வொருவருக்கும் மருத்துவமனை ஒரு நம்பர் கொடுக்கும். ஐபி நம்பர், யுஹெச்ஐடி என்று ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி பெயர் மாறும். அந்த நம்பரைச் சொன்னால், நோயாளியின் பில்லுக்கு வெளியில் இருந்து பணம் கட்ட முடியுமா என்று பில்லிங் பிரிவில் சொல்லிவிடுவார்கள்.

ஸ்டெப் பை ஸ்டெப்பாக இப்படிச் செய்யலாம்:

1. போஸ்டரில் இருக்கும் நம்பருக்குப் போன் செய்து, நோயாளியின் ஐபி நம்பர், வார்டு, மருத்துவர் பெயர் கேளுங்கள். உண்மையான குடும்பத்துக்கு இதெல்லாம் மனப்பாடமாகவே இருக்கும்.

2. மருத்துவமனையின் போன் நம்பரை அதன் இணையதளத்தில் இருந்து நீங்களே எடுங்கள். போஸ்டரில் 'ஹாஸ்பிடல் நம்பர்' என்று போட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம்.

3. பில்லிங் பிரிவில், 'இந்த நம்பர் பேஷன்ட்டுக்கு டெபாசிட் கட்டணும், எப்படிக் கட்டலாம்?' என்று கேளுங்கள். நோய் விவரத்தை அவர்கள் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. அப்படி ஒருவர் அங்கே இருக்கிறாரா, பணம் கட்ட வழி இருக்கிறதா என்பது தெரிந்தால் நமக்குப் போதும்.

4. போஸ்டரில் இருக்கும் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். அதே குழந்தை வேறு பெயரில், வேறு ஊரில், இரண்டு வருடத்துக்கு முன்பு வந்திருந்தால் கதை முடிந்தது.

அவசரத்தில் இருக்கும் குடும்பத்திடம் இத்தனை கேள்வி கேட்பது மரியாதையா என்று தோன்றலாம். 'மருத்துவமனைக்கே நேரடியா கட்டிடறேங்க, நம்பர் மட்டும் சொல்லுங்க' என்று கேட்டுப் பாருங்கள். பில் கட்டத் திணறும் குடும்பத்துக்கு அது நல்ல செய்தி. 'இல்லைங்க, ஜிபே மட்டும்தான்' என்று பிடிவாதம் பிடித்தால், ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். மருத்துவமனைக்கு வெளியேயும் செலவு இருக்கிறது. தங்கும் இடம், சாப்பாடு, வெளியில் எடுக்கும் ஸ்கேன், வேலைக்குப் போகாத நாட்களின் கூலி இதெல்லாம் எந்த பில்லிலும் வராது. அதற்குக் குடும்பத்தின் கையில்தான் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். அப்படியென்றால், அந்தக் குடும்பத்தை நேரில் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடியுங்கள். 'எனக்கும் ஃபார்வர்டாதான் வந்துச்சு' என்று சொல்பவர் அந்தக் கணக்கில் வர மாட்டார்.

அரசு மருத்துவமனையின் பெயர் போட்டு ஆபரேஷனுக்கு மட்டும் பல லட்சம் கேட்கும் போஸ்டர் வந்தால் கூடுதலாக விசாரியுங்கள். அங்கே சிகிச்சைக்குப் பெரிய தொகை கட்ட வேண்டிய தேவை பொதுவாக வராது. தனியார் மருத்துவமனை என்றாலும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். 'காப்பீட்டுக்கு அப்ளை பண்ணிட்டீங்களா?' என்று கேளுங்கள். மோசடிக்காரர் தடுமாறுவார். உண்மையான குடும்பத்துக்கு, ஒருவேளை நீங்கள் அனுப்பும் 500 ரூபாயைவிட இந்தத் தகவல் பெரிய உதவியாக இருக்கலாம்.

டிரஸ்ட்டா? 'ரிஜிஸ்டர்டு' என்ற வார்த்தையில் மயங்காதீர்கள்

'நாங்க ரிஜிஸ்டர்டு டிரஸ்ட் சார்' என்பது எல்லோரும் சொல்லும் வசனம். ஒரு டிரஸ்ட்டைப் பதிவு செய்வது அப்படியொன்றும் கஷ்டமான வேலை இல்லை. பத்திரம் எழுதி சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் முடிந்தது. அந்த எண் இருக்கிறது என்பதால் அவர்கள் நல்ல வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை. வேறு என்ன பார்க்கலாம்?

பான் நம்பர்: டிரஸ்ட்டின் பான் நம்பரைக் கேளுங்கள். அதன் நான்காவது எழுத்தைப் பாருங்கள். 'டி' என்றால் டிரஸ்ட். 'சி' என்றால் கம்பெனி. லாப நோக்கமற்ற கம்பெனிகளும் இதில் வரும். 'ஏ' என்றால் நபர்களின் கூட்டமைப்பு. 'பி' என்று இருந்தால் அது ஒரு தனிநபரின் பான். டிரஸ்ட் பெயரில் ரசீது கொடுத்து, அதில் தனிநபர் பான் போட்டிருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

80ஜி: நன்கொடையாளருக்கு வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் பதிவு இது. வருமான வரித் துறை இணையதளத்தில், விலக்கு பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் பெயரையோ பான் நம்பரையோ போட்டுத் தேடலாம். இந்தப் பதிவு நிரந்தரமானது இல்லை, குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும். பத்து வருடப் பழைய சர்டிஃபிகேட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், இப்போது செல்லுபடியாகிறதா என்று பாருங்கள்.

என்ஜிஓ தர்பன்: நிதி ஆயோக்கின் கீழ் இயங்கும் இணையதளம். இங்கே பதிவு செய்த அமைப்புகளுக்கு ஒரு தனி எண் இருக்கும். நிர்வாகிகள் பெயர், முகவரி போன்ற விவரங்களைப் பார்க்கலாம். ஆனால் இது ஒரு தகவல் பட்டியல்தான். அரசு கொடுக்கும் நற்சான்றிதழ் என்று நினைத்துவிடக் கூடாது.

குழந்தைகள் இல்லம் என்றால்: சிறார் நீதிச் சட்டம் 2015-ன்படி, ஆதரவு தேவைப்படும் குழந்தைகளைத் தங்க வைக்கும் இல்லங்கள் கட்டாயம் பதிவு செய்திருக்க வேண்டும். டிரஸ்ட் பதிவு வேறு, இந்தப் பதிவு வேறு. 'இல்லத்துக்கான பதிவு இருக்கா?' என்று தனியாகக் கேளுங்கள்.

இந்தக் காகிதங்கள் எல்லாம் சேர்ந்தும் ஒரு விஷயத்தைச் சொல்லாது: பணம் எப்படிச் செலவாகிறது என்பதை. அதற்கு ஆண்டறிக்கையும் தணிக்கை செய்த கணக்கும் கேளுங்கள். வேலையை ஒழுங்காகச் செய்யும் அமைப்புகள் இதைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டு வைத்திருப்பார்கள். உள்ளூர் இல்லம் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பாருங்கள். எத்தனை பேர் இருக்கிறார்கள், சமையலறை எப்படி இருக்கிறது, உங்களை உள்ளே விடுகிறார்களா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

'80ஜி இருக்கு சார், முழுப் பணமும் திரும்ப வந்துடும்'

போனில் நன்கொடை கேட்பவர்கள் சிலர் பயன்படுத்தும் பெரிய தூண்டில் இது. ஆபீஸில் மீட்டிங்குக்கு நடுவில், 'மேடம், இன்னைக்கு குழந்தைங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு ஸ்பான்சர் இல்ல' என்று ஆரம்பிப்பார்கள். நீங்கள் தயங்கினால் வரிச் சலுகைக்கு வருவார்கள். உண்மைக் கணக்கைப் பார்ப்போம்.

பெரும்பாலான டிரஸ்ட்டுகளுக்குக் கொடுக்கும் நன்கொடையில் 50 சதவீதத்தைத்தான் வருமானத்தில் இருந்து கழிக்க முடியும். நீங்கள் 10,000 ரூபாய் கொடுத்தால், உங்கள் வருமானத்தில் 5,000 ரூபாய் குறைத்துக் கணக்கிடப்படும். 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு, 4 சதவீத செஸ் சேர்த்து மிச்சமாவது 1,040 ரூபாய். அவ்வளவுதான். இதற்கும் வருமானத்தின் அடிப்படையில் ஓர் உச்சவரம்பு உண்டு. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் சலுகை கிடையாது. முக்கியமாக, இந்தச் சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால் 80ஜி பேச்சே உங்களுக்குத் தேவையில்லை.

சலுகை வாங்க ரசீது மட்டும் போதாது. டிரஸ்ட் தன் நன்கொடையாளர்களின் விவரங்களை வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து, 10பிஇ என்ற சான்றிதழைக் கொடுக்க வேண்டும். '10பிஇ எப்போ தருவீங்க?' என்ற ஒரே கேள்வியில் பல டெலிகாலர்கள் லைனைக் கட் செய்துவிடுவார்கள். (2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால், பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறும். '80ஜி' என்ற பெயர் பேச்சில் இன்னும் கொஞ்ச காலம் இருக்கும்.)

இதே ரூட்டில் இன்னொரு வலையும் இருக்கிறது. '50,000-க்கு ரசீது தர்றோம். கமிஷன் கழிச்சுட்டு மிச்சத்தை உங்களுக்கே திருப்பி அனுப்பிடறோம்' என்பார்கள். இதில் நீங்கள் ஏமாறுபவர் இல்லை, கூட்டாளி. பொய்யான கழிவுகளைக் காட்டி ரிட்டர்ன் போட்டவர்கள், அதைப் போட்டுக் கொடுத்தவர்கள் மீது வருமான வரித் துறை 2025 ஜூலையில் நாடு முழுக்கப் பெரிய அளவில் நடவடிக்கை எடுத்தது. நோட்டீஸ் வந்தால் டிரஸ்ட்காரர் போனை எடுக்க மாட்டார்.

கிரவுட்ஃபண்டிங் தளம் என்றால் நம்பலாமா?

வாட்ஸ்அப் போஸ்டரைவிட இது ஒரு படி மேல். காரணம், தளங்கள் ஆவணங்களைக் கேட்கின்றன, பல நேரங்களில் பணத்தை மருத்துவமனைக்கே அனுப்புகின்றன. ஆனால் அங்கேயும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். பணம் யாருக்குப் போகும் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறதா? கேம்பெயின் தொடங்கியவருக்கும் நோயாளிக்கும் என்ன உறவு? கடைசி அப்டேட் எப்போது போட்டிருக்கிறார்கள்?

சில தளங்களில் பணம் கட்டும்போது 'டிப்' என்று ஒரு தொகை தானாகவே சேர்ந்திருக்கும். அது தளத்துக்குப் போகும் பணம். மோசடி இல்லை, ஆனால் கட்டாயமும் இல்லை. மாற்றிக்கொள்ளலாம்.

தளம் இருப்பதாலேயே கதை உண்மையாகிவிடாது என்பதற்கு 2017-ல் அமெரிக்காவில் நடந்ததை உதாரணம் சொல்லலாம். நடுரோட்டில் பெட்ரோல் தீர்ந்து நின்ற ஒரு பெண்ணுக்கு, வீடில்லாத ஒருவர் தன் கடைசி 20 டாலரைக் கொடுத்ததாக ஒரு நெகிழ்ச்சியான கதை வைரல் ஆனது. அவருக்காக கோஃபண்ட்மீ தளத்தில் 4 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. அடுத்த வருடம் நியூஜெர்சி அரசு வழக்கறிஞர்கள் அந்தக் கதையே கட்டிவிட்டது என்று அறிவித்தார்கள். சம்பந்தப்பட்ட மூவர் மீதும் வழக்கு வந்தது. நன்கொடை கொடுத்தவர்களுக்குத் தளம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஜிபே நம்பருக்கு அனுப்பியிருந்தால் திருப்பிக் கொடுக்க அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

படத்தையும் இனிமேல் அப்படியே நம்ப முடியாது. 2023 பிப்ரவரி 6 துருக்கி நிலநடுக்கத்துக்குப் பிறகு, தீயணைப்பு வீரர் ஒருவர் குழந்தையை அணைத்திருக்கும் படத்தைப் போட்டு நன்கொடை கேட்டார்கள். அது ஏஐ உருவாக்கிய படம். அந்த வீரரின் கையில் ஆறு விரல்கள் இருந்ததை வைத்துச் சந்தேகம் எழுந்தது. இன்றைய ஏஐ கருவிகள் விரல்களைச் சரியாகவே வரைகின்றன. அதனால்தான் திரும்பவும் சொல்கிறோம்: படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள்.

மால் வாசலில், சிக்னலில் கேட்டால்?

மால் வாசலில் ஐடி கார்டு, டேப்லெட்டுடன் நிற்பவர்கள் எல்லோரும் போலி இல்லை. பெரிய தொண்டு நிறுவனங்கள் இப்படி ஆட்களை வைத்து நன்கொடையாளர்களைச் சேர்ப்பது வழக்கம். ஆனால் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒருமுறை நன்கொடை இல்லை, மாதாமாதம் உங்கள் கணக்கில் இருந்து தானாக எடுக்கும் அனுமதி. 'ஜஸ்ட் 800 ரூபாய்தான் ப்ரோ' என்றால், வருடத்துக்கு 9,600 ரூபாய் என்று மனசுக்குள் கணக்குப் போடுங்கள். நடுரோட்டில் நின்று அப்ரூவ் செய்ய வேண்டாம். பெயரைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், அவர்கள் இணையதளம் வழியாகவே கொடுங்கள். ஏற்கெனவே அப்ரூவ் செய்துவிட்டீர்களா? உங்கள் யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதிக்குப் போனால் எதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அனுப்பலாமா?

இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவர், வெளிநாட்டில் வேலை பார்த்துச் சேர்த்த சொந்தப் பணத்தை வங்கி வழியாக இந்தியத் தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பினால் பிரச்சினை இல்லை. சிங்கப்பூர், கனடா, பிரிட்டன் என வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், அது வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும். அதைப் பெற அந்த நிறுவனத்துக்கு எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும். பணமும் டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் உள்ள அவர்களின் எஃப்சிஆர்ஏ கணக்குக்குத்தான் போக வேண்டும். 'என் பெர்சனல் அக்கவுண்டுக்கு அனுப்புங்க, நான் பாத்துக்கிறேன்' என்று டிரஸ்ட் நிர்வாகி சொன்னால், அனுப்ப வேண்டாம்.

பணம் போய்விட்டதா? முதல் ஒரு மணி நேரம் முக்கியம்

ஏமாந்துவிட்டது தெரிந்தால், வெட்கப்பட்டு உட்காராதீர்கள். உடனே செய்ய வேண்டியவை:

• 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணுக்கு அழையுங்கள். அல்லது 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்தில் புகார் கொடுங்கள். புகார் போனதும், பணம் போன வங்கிக்குத் தகவல் சென்று, கணக்கில் மிச்சம் இருப்பதை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. மோசடிக்காரர் பணத்தை அடுத்த கணக்குக்கு மாற்றுவதற்குள் இது நடக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

• யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அது, தொகை, நேரம், பெற்றவரின் யுபிஐ ஐடி நான்கையும் தயாராக வைத்திருங்கள்.

• போஸ்டர், சாட், ப்ரொஃபைல் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பிளாக் செய்வது அதற்குப் பிறகு.

• உங்கள் வங்கியிலும் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

• பணம் இழக்கவில்லை, சந்தேகமான அழைப்பு மட்டும்தான் வந்தது என்றால், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள 'சக்ஷு' பகுதியில் அந்த நம்பரைப் புகார் செய்யலாம்.

'போனது 200 ரூபாய்தானே, இதுக்குப் போய் புகாரா?' என்று தோன்றும். இந்த மோசடி இயங்குவதே அந்த எண்ணத்தை நம்பித்தான். ஆயிரம் பேரிடம் 200 ரூபாய் வாங்கினால் 2 லட்சம். ஆயிரம் பேரும் 'போகட்டும்' என்று விட்டுவிட்டால் அந்தக் கணக்கு தொடர்ந்து ஓடும். ஒரே கணக்கின் மீது இருபது புகார் வந்தால், அது போலீஸுக்கும் வங்கிக்கும் வேறு மாதிரி தெரியும்.

போஸ்டரை நீங்களும் ஷேர் செய்திருந்தால், அதே குரூப்பில் 'இதுக்கு அனுப்பாதீங்க, நம்பர் தப்பு' என்று ஒரு வரி போடுங்கள். அதே சமயம், செக் செய்யாமல் எதையும் 'ஃபேக்' என்று முத்திரை குத்தாதீர்கள். அந்த ஒரு வார்த்தை ஒரு நிஜக் குடும்பத்துக்கு வரும் உதவியை மொத்தமாக நிறுத்திவிடும்.

அப்போ யாருக்குமே கொடுக்க வேண்டாமா?

கொடுக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும், தெருத்தெருவாகச் சாப்பாடு கொண்டுபோனதில் பெரிய பங்கு தன்னார்வலர்களுடையது. அவர்களில் பலருக்கு டிரஸ்ட்டும் கிடையாது, 80ஜியும் கிடையாது. சொந்த போன் நம்பர்தான். தனிநபர் கணக்கு என்றாலே மோசடி என்று அன்று எல்லோரும் முடிவு செய்திருந்தால், அந்தச் சாப்பாடு போயிருக்காது.

அப்படிப்பட்டவர்களை அடையாளம் காண்பது கஷ்டம் இல்லை. எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று பில்லோடு போடுவார்கள். 'இன்னைக்குப் போதும், இதுக்கு மேல அனுப்பாதீங்க' என்று வசூலை நிறுத்துவார்கள். 'பணம் வேண்டாம், பால் பவுடரும் நாப்கினும் கொடுங்க' என்று பொருளாகக் கேட்பார்கள். கேள்வி கேட்டால் கோபப்பட மாட்டார்கள். மோசடிக்காரருக்குப் போதும் என்ற பேச்சே வராது, கேள்வி கேட்டால் 'ஒரு உயிர் போகுது, நீங்க ப்ரூஃப் கேக்குறீங்களா?' என்று உங்களையே குற்றவாளி ஆக்குவார்.

அடுத்த முறை குரூப்பில் போஸ்டர் வந்தால், 'டன்' போடுவதற்கு முன்பு ஒரு மெசேஜ் போடுங்கள்: 'ஐபி நம்பர் இருக்கா? நான் ஹாஸ்பிடல்ல கேட்டுட்டு சொல்றேன்.' குரூப்பில் ஒருவர் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிட்டால், மீதி ஐம்பது பேரும் தைரியமாகப் பணம் அனுப்பலாம்.